ராஜபாளையத்தை ஒளித்துவைத்தவர்

நகையை ஒளித்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்கோவாவை ஒளித்துவைப்பவர்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால், முழு ராஜபாளையத்தையும் துண்டில் சுருட்டித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த மனிதர், எனக்குத் தெரிந்து பூமியில் ஒருவர்தான். எங்கள் மில்லின் சீனியர் ஃபிட்டர், சாக்பீஸ் அண்ணாச்சி. ஒளித்துவைத்த இடம் கிரீஸ் நாடு. ஏதென்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்பாட்டா என்று ஒரு சின்ன ஊர். நம்பாதவர்கள் ராஜபாளையம் வந்தால் ஆளைக் காட்டுகிறேன். பேசமாட்டார். பார்த்துவிட்டுப் போகலாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருக்கும் ஆதார் அட்டைக்கும் இடையில் உள்ள ரகசியம். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு சாக்பீஸ் இருக்கும். பையைச் சுற்றிக் கையகலத்துக்கு வெள்ளைப் பொடி படிந்திருக்கும். "சட்டைக்குத் திருநீறு பூசுன ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி" என்பேன். "வாயக் கழுவுலே" என்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பத்து வார்த்தைகளில் எட்டு என்னைத் திட்டுவதற்குச் செலவாகும். அந்த வகையில் நான் அதிர்ஷ்டசாலி.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பத்தாம் வகுப்பும் நானும் இரண்டு தடவை மோதினோம். இரண்டு தடவையும் அதுதான் ஜெயித்தது. பிறகு ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அண்ணாச்சிக்கு என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். பிறந்த ஊரை வைத்து "பால்கோவா" என்றுதான் கூப்பிடுவார்.

சாக்பீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பழைய தறி ஒன்றைப் பிரித்து வேறு இடத்தில் மாட்ட வேண்டும் என்றால், கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்திலும் அடையாளம் போட வேண்டும். உலகத்து ஃபிட்டர்கள் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார்கள். அண்ணாச்சி ஊர்ப் பெயர் போடுவார்! ராஜபாளையத்தில் ஏறினால் கூமாப்பட்டி வரைக்கும் பஸ் போகிற வழி இருக்கிறதே, அதுதான் அவருடைய நம்பர் வரிசை. முதலில் கழற்றும் பாகம் ராஜபாளையம். அடுத்தது மடவார்வளாகம். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு. கடைசியாகக் கையில் வருவது கூமாப்பட்டி. பாகம் அதிகமாக இருந்தால், வழியில் உள்ள டீக்கடை, புளியமரம், வேகத்தடை எல்லாம் வரிசையில் சேர்ந்துகொள்ளும். 'கிருஷ்ணன்கோவில் ரெண்டாவது வேகத்தடை' என்று எழுதிய ஒரு பல்சக்கரத்தை நான் தோளில் சுமந்திருக்கிறேன்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பாடு? நம்பர் போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பரு தலகீழா நின்னா ஆறு ஒம்போதாயிரும். கூமாப்பட்டி தலகீழா நின்னாலும் கூமாப்பட்டிதான்லே."



பிரிக்கும்போது ராஜபாளையத்தில் கிளம்பிக் கூமாப்பட்டிக்குப் போவோம். மாட்டும்போது கூமாப்பட்டியில் கிளம்பி ராஜபாளையத்துக்குத் திரும்புவோம். கடைசிப் பாகம் மாட்டியானதும், "ஊர் வந்தாச்சு, எறங்கு" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொள்வார். மில்லே சிரிக்கும். ஆனால் அவர் மாட்டிய தறி ஒன்றுகூட மறுபடி கழற்றும்படி ஆனதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் மில் கிரீஸுக்கு அனுப்பியது. அங்கே வடக்கில் ஒரு பழைய மில்லை மூடிவிட்டார்கள். அதிலிருந்த இருபத்து நாலு தறிகளை எங்கள் முதலாளி வாங்கிவிட்டார். பிரித்து, பெட்டியில் போட்டு, கப்பலுக்கு அனுப்ப ஆறு பேர் போனோம். கிளம்புகிற அன்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, தறி வந்து எறங்குனா மாட்டத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான். அவரு வரலேன்னா இருவத்தி நாலு தறியும் பேரீச்சம்பழத்துக்குத்தான். ஆளக் கையோட கூட்டிட்டு வாரது ஒன் பொறுப்பு."

"வராம எங்க சார் போயிருவாரு?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். அண்ணாச்சியின் சம்சாரம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போவதையே ஒரு மாதிரி நிறுத்திக்கொண்டார். சூரத்தில் மூன்று நாள் வேலை என்று போனவர் மூன்று வாரம் கழித்து வந்தார். கோயம்புத்தூருக்கு ஒரு மோட்டாரைப் பார்க்கப் போனவர், அந்த மோட்டாரை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினார். வேலை முடிந்துவிட்டால் ஊருக்குப் போக வேண்டுமே! உள்ளூரில் இருந்தாலும் மில்லின் ஸ்டோர் ரூமில், பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில்தான் படுக்கை.

வடக்கில் இரண்டு மாதம் ஓடியது. அங்கே ஏற்றுக்கூலி வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆறடிக்குக் குறையாத ஆட்கள். பத்தே நாளில் அவர்களுக்கு எங்கள் பஸ் ரூட் மனப்பாடம். ஒருவன் இரும்புத் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, "கூமாப்பட்டி?" என்று தொண்டை கிழியக் கேட்பான். அண்ணாச்சி பெட்டியைக் கைகாட்டுவார். கூமாப்பட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் இருக்கிற உங்கள் ஊரை, கடல் தாண்டி ஒரு நாட்டில் தினமும் நாற்பது தடவை கூவினார்கள்.

ஒவ்வொரு நாளும் மதியம் மூன்றரைக்கு அண்ணாச்சி என் போனைக் கேட்பார். நம்மூரில் அப்போது மணி ஆறு. அவர் ஒரு நம்பரை அடிப்பார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நின்றதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுக்கு."

"வீட்லதான் ஆளே இல்லையே. யாரு எடுப்பா?"

"யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா திருடன்லா?"

பட்டன் போன் ஒன்றைச் சார்ஜில் சொருகி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். திருடனைப் பிடிக்க இப்படி ஒரு வழி இருப்பது எந்தப் போலீஸுக்கும் தெரியாது. நான் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "அண்ணாச்சி, திருடன் சைலன்ட்ல போட்டுட்டா என்ன செய்வீய?" என்று வேறு கேட்டேன். அன்றைக்கு அவர் திட்டக்கூட இல்லை.

வேலை முடிந்தது. நாலு பேர் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு நானும் அண்ணாச்சியும் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தால், டிக்கெட் போட்ட ஏஜென்ட் நாலு நாள் தள்ளிப் போட்டிருக்கிறார். 'பக்கத்தில் ஸ்பாட்டா என்று ஊர் இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளுங்கள்' என்று மெசேஜ் வந்தது. நான் ஏஜென்டைத் திட்டினேன். அண்ணாச்சி முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு நிம்மதி.

ஸ்பாட்டா ஒரு மேட்டில் இருந்தது. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். நடுவில் ஒரு சதுக்கம், ஒரு சர்ச், ஒரு பேக்கரி. தலைக்கு மேலே சில நிமிடத்துக்கு ஒரு விமானம், சக்கரத்தை எண்ணிவிடலாம் போலத் தாழ்வாகப் போகும். உலகத்து ஜனம் எல்லாம் அந்த ஊருக்கு மேலே பறக்கிறது; ஒருத்தரும் அங்கே இறங்குவதில்லை. கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தேன். பை, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா! என்னைப் பத்தாம் வகுப்பில் கவிழ்த்த அத்தனை எழுத்தும் இங்கே வந்து கடை வைத்துப் பிழைக்கின்றன.

எங்களுக்கு அறை கிடைத்தது சதுக்கத்தில் உள்ள ஒரு காபிக் கடையின் மாடியில். கடைக்காரர் நிக்கோ. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மீசை மட்டும் நாற்பதிலேயே நின்றுவிட்டது. காலை வணக்கத்தையே சண்டை மாதிரிதான் சொல்வார். கடை வாசலில் ஆறு மேஜை. ஒவ்வொன்றிலும் ஒரு கிழவர். ஆளுக்கு ஒரு காபி. ஆறு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து மேஜைக்கு ஒரு வார்த்தை போகாது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போனார். ஏழாவதாக ஒரு மேஜையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. உள்ளே போய் அவருக்கும் ஒரு காபி சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலமே அவர் தொலைந்துபோனார். பேக்கரிக்குப் போனவரைக் காணோம். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி வெள்ளைச் சுவர், ஒரே மாதிரி எலுமிச்சை மரம். ஒரு மணி நேரம் தேடினால், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு முக்கில் நின்று சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறார். சாக்பீஸால், கொட்டை எழுத்தில், 'மடவார்வளாகம்'.

"என்ன அண்ணாச்சி இது, அயல்நாட்ல வந்து செவத்துல எழுதுதீய?"

"வழி தெரியாண்டாமா?"

மறுநாள் காலைக்குள் ஸ்பாட்டாவில் பாதி எங்கள் தாலுகா ஆகிவிட்டது. பேக்கரி, ஸ்ரீவில்லிபுத்தூர். மருந்துக் கடை, கிருஷ்ணன்கோவில். மேட்டுமேலே படியேறிப் போகிற சின்னக் கோயிலுக்கு, நியாயமாக, எங்கள் ஊர்ப் பக்கத்து மலைக்கோயிலான திருவண்ணாமலை. ஊரின் கடைசி வீட்டுக்கு அப்பால், திராட்சைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் கூமாப்பட்டி. அங்கே நின்று மேற்கே மலையைப் பார்த்து, "கொஞ்சம் அவ ஊரு மாதிரியேதான் இருக்கு" என்றார். அவர் சம்சாரம் கூமாப்பட்டிக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பெண் பார்க்கப் போன பஸ்ஸைத்தான் இத்தனை வருடமாக இரும்பில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்றைக்கே நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டார். புது ரௌடிக் கும்பல் ஊருக்குள் புகுந்து சுவரில் குறி போட்டிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் மொழிபெயர்ப்பை வைத்து நான் விளக்கினேன். "இவை எங்கள் பஸ் நிறுத்தங்கள்" என்று போன் கிரேக்கத்தில் சொன்னது. அந்தப் பெண் அண்ணாச்சியைப் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓர் எழுத்தின் மேல் ஊற்றினார். அழிந்தது. "பஸ் எத்தனை மணிக்கு?" என்று போனில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டாம் நாள் மதியம்தான் பெரிய வினை. மதியம் இரண்டு மணிக்கு அந்த ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். நிக்கோ தூங்கக் கிளம்பும்போது, அண்ணாச்சி கொல்லைப்புறத்தைக் கைகாட்டினார். அங்கே திராட்சை பிழியும் பழைய மெஷின் ஒன்று துருப்பிடித்து நின்றது. நடுவில் ஆள் உயர இரும்புத் திருகு, சுற்றி மரச்சட்டக் கூண்டு, மேலே நீளக் கைப்பிடி. 'பிரிச்சுப் பாக்கட்டுமா?' என்று அண்ணாச்சி சைகையில் கேட்டார். நிக்கோ புருவத்தை உயர்த்தி, மோவாயை ஒரு வெட்டு மேலே தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் முதலாளி அப்படித் தலையைத் தூக்கினால், 'ம், ஆரம்பி' என்று அர்த்தம். கிரீஸில் அதற்கு 'கூடாது' என்று அர்த்தமாம். எங்களுக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது.

ஐந்து மணிக்கு நிக்கோ கொட்டாவி விட்டுக்கொண்டே கொல்லைக்கு வந்தபோது, அவருடைய மெஷின் முப்பத்தேழு துண்டுகளாகத் தரையில் வரிசையாகப் படுத்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் தமிழ். கடைசியில் கூமாப்பட்டிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி குந்தியிருந்தார்.

நிக்கோ போட்ட சத்தத்தில் சர்ச் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. 'நீதான் செய்தாயா?' என்று அவர் கையை நீட்டிக் கேட்க, அண்ணாச்சி நம்மூர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் அவருக்கு இன்னும் கோபம் ஏறியது. நான் போனை நீட்டினேன். போனுக்குள் இருக்கிற பெண் நிதானமாகச் சொன்னார். மெஷின் ஏழு வருடமாக ஓடவில்லையாம். நிக்கோவின் மனைவி இருந்தவரை இருவரும் சேர்ந்து பிழிவார்களாம். நாளை மறுநாள் தோட்டத்திலிருந்து திராட்சை வருகிறது. வழக்கம்போலக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். இந்த மெஷினை யாரும் தொடுவதில்லை.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். பிறகு நிக்கோவிடமே நேராகத் தமிழில் பேசினார்.

"நாளக் கழிச்சு திராச்ச வருதுலா? அதுக்குள்ள மாட்டித் தாரேன். இதுலயே புழிவோம். செத்த பொறுங்க."

நிக்கோவுக்கு என்ன புரிந்ததோ, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு காவல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அந்தக் கொல்லைப்புறம் திருவிழாத் தேர்முட்டி மாதிரி ஆனது. முதலில் ஒரு கிழவர் காபியோடு எட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். மதியத்துக்குள் ஆறு பேரும் நாற்காலியோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் துருவைத் தேய்த்தார். மற்ற நாலு பேரும் யோசனை சொன்னார்கள். நிக்கோ அவர்களைத் திட்டினார். அண்ணாச்சி நிக்கோவைத் திட்டினார்.

"அதத் தொடாதீரும்யா! அது வத்திராயிருப்பு. மொதல்ல கூமாப்பட்டி ஏறட்டும்."

நிக்கோ "எலா, எலா" என்று கத்தினார். 'வா' என்று அர்த்தமாம்.

"என்ன அண்ணாச்சி, ஒங்களையே ஏலேங்காரு?"

"வயசுக்கு மூத்தவருதானலே. சொல்லிட்டுப் போறாரு."

இரண்டு மாதமாக ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்று கூமாப்பட்டி கண்மாயைப் பற்றி நிக்கோவையும் சேர்த்து ஏழு கிரேக்கர்களுக்குத் தமிழில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தறியை இரண்டு நாளில் எழுப்பி நிறுத்துகிற ஆள், முப்பத்தேழே துண்டு உள்ள மெஷினை ஏன் இப்படி உருட்டுகிறார்? மாட்டியதைக் கழற்றினார். கழற்றியதைத் துடைத்தார். எனக்குக் கோயம்புத்தூர் மோட்டார் ஞாபகம் வந்தது.

நாலாம் நாள். மறுநாள் காலையில் விமானம். பதினோரு மணிக்குத் திராட்சை வந்து இறங்கிவிட்டது, நாற்பது கூடை. நிக்கோ கம்பெனி லாரிக்காரரிடம் மோவாயை மேலே தூக்கி அனுப்பிவிட்டார். லாரி போய்விட்டது. இனி மெஷின் ஓடாவிட்டால் அந்த வருடத்துத் திராட்சை வெயிலில் புளித்துப்போகும். ஒரு மணிக்கு முப்பத்தாறு துண்டும் ஏறிவிட்டது. நிக்கோ கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். அது சும்மா சுற்றியது. திருகு ஒரு நூல்கூடக் கீழே இறங்கவில்லை.

மேலே, கைப்பிடிச் சக்கரத்தின் பல்லைக் கடித்துப் பிடிக்கிற ஓர் இரும்பு நாக்கு உண்டு. விரல் நீளம்தான். முதலில் கழற்றியது அதைத்தான். கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுதான். அதைக் காணோம்.

"அண்ணாச்சி, ராஜபாளையம் எங்க?"

"தொலஞ்சு போச்சுலே."

ஏழு கிழவர்களும் குனிந்து தரையில் தேடினார்கள். நிக்கோ முழங்காலிட்டு எலுமிச்சை மரத்தடியில் கையால் மண்ணைத் துழாவினார். அண்ணாச்சியும் தேடினார். தேடுகிற மாதிரி தேடினார். முப்பது வருடத்தில் ஒரு வாஷரைக்கூடத் தொலைக்காதவர்!

நான் மாடிக்குப் போனேன். தலையணையைத் தூக்கினேன். மடித்த துண்டுக்குள் இருந்தது. எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து, மேலே சாக்பீஸால் 'ராஜபாளையம்'. திரும்பினால் வாசலில் அண்ணாச்சி.

அவரைக் கிண்டல் பண்ண எனக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.  

"எதுக்கு அண்ணாச்சி?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். 

"அத மாட்டிட்டா வேல முடிஞ்சு போகும்லே."

"முடியட்டுமே. காலையில பிளேனு. ஊருக்குப் போவோம்."

"மில்லு விட்டதும் தெனம் ஆறு மணிக்கு ஒரு போனு. 'கெளம்பிட்டேன்'னு சொல்லுவேன். அவ 'சரி'ன்னு வச்சிருவா. அம்புட்டுத்தான் பேச்சு. முப்பது வருசம். இப்ப கெளம்பிட்டேன்னு சொல்ல ஆளு இல்லாத ஊருக்கு எதுக்குலே கெளம்பணும்?"

சார்ஜில் சொருகிவிட்டு வந்த பட்டன் போன் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணியைப் பார்த்தேன். மூன்று இருபது; அவர் போன் கேட்க இன்னும் பத்து நிமிடம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்லுங்க. நான் என்ன, சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் வேலையா பாக்கேன்? 'சரி'ன்னு சொல்லி வைக்க எனக்குத் தெரியாதாக்கும்?"

"நீ வைக்க மாட்டலே. வளவளன்னு பேசுவ."

"வளவளன்னுதான் பேசுவேன். அதுக்குத்தான் நீங்க இருக்கீயல்லா, வைன்னு சொல்ல."

கீழே நிக்கோவின் குரல் கேட்டது. சண்டைக் குரல் இல்லை. யாரையோ கெஞ்சுகிற குரல். அண்ணாச்சி ஜன்னல் வழியே பார்த்தார். ஏழு கிழவர்கள், ஏழு பேரும் மண்டியிட்டு, மண்ணில் ராஜபாளையத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம்லே, அவிய வேட்டிய அழுக்காக்கிட்டு..." என்றார். அங்கே யாரும் வேட்டி கட்டியிருக்கவில்லை. என் கையிலிருந்து அந்த இரும்பு நாக்கை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். நிக்கோ கைப்பிடியைத் தள்ளினார். திருகு இறங்கியது. இன்னொரு தள்ளு. கூண்டின் சட்டங்களுக்கு இடையில் கருஞ்சிவப்பாகச் சாறு கசிந்து, பிறகு கொட்டத் தொடங்கியது. கைப்பிடியின் ஒரு முனையை நிக்கோ தள்ள, மறுமுனையை அண்ணாச்சி தள்ளினார். இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த மறுமுனையில் ஏழு வருடத்துக்கு முன்பு நின்றது நிக்கோவின் மனைவி என்று அந்த ஆறு கிழவர்களுக்கும் தெரியும்.

"ஊர் வந்தாச்சு, எறங்கு" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணாச்சிக்குக் கேட்டிருக்காது.

காலையில் டாக்சி வந்தது. நிக்கோ விடைபெறவும் சண்டைதான் போட்டார். பிறகு அண்ணாச்சியின் சட்டைப் பைக்குள் உரிமையாகக் கையை விட்டு ஒரு சாக்பீஸை எடுத்தார். எங்கள் டூல்ஸ் பெட்டியைத் திருப்பி, அதன் மேல் அந்தப் பரீட்சை எழுத்தில் ஐந்தே எழுத்து எழுதினார். ஸ்பாட்டா. சாக்பீஸைத் தன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சதுக்கத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஆறு கிழவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது நாற்காலி காலியாக இருந்தது.

ராஜபாளையத்தில் நான்தான் அவரை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மேனேஜர் சொன்ன பொறுப்பு ஒன்று இருந்ததே. பூட்டைத் திறந்தால் தூசியும் அடைசல் வாடையும். மேஜைமேல் சார்ஜில் அந்தப் பட்டன் போன். எடுத்துப் பார்த்தேன். அறுபத்துச் சொச்சம் மிஸ்டு கால். அத்தனையும் நான் கிரீஸில் வாங்கிய சிம் நம்பர்.

"பாத்தீயளா அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு அதிகமா போன் பண்ணது நான்தான்."

"வாயக் கழுவுலே" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

தறி இருபத்து நாலும் இப்போது ஓடுகிறது. டூல்ஸ் பெட்டியில் ஸ்பாட்டா அழியவில்லை. துடைக்கப் போன என்னை அடிக்க வந்தார். வெளியூர் வேலைக்குப் போனால், இப்போதெல்லாம் சொன்ன நாளில் வந்துவிடுகிறார். ஸ்டோர் ரூமில் படுப்பதில்லை.

தினமும் ஆறேமுக்காலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்தப் பட்டன் போனுக்கு அடிக்கிறேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நாலு தடவை மணி அடிக்கிற வரைக்கும் வேண்டுமென்றே விடுவார். ஐந்தாவதில் எடுப்பார்.

"திருடன் பேசுதேன்" என்பார்.

"சரி" என்பேன். வைத்துவிடுவேன்.